நொதியைக் குருணையாக்கும் காற்று

1960-களில் ஐரோப்பாவின் சலவைத்தூள் ஆலைகளுக்குப் புதிய சரக்கு ஒன்று வந்தது: புரதக் கறையைக் கரைக்கும் நொதி. பேசில்லஸ் என்னும் பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது. துணியில் படிந்த இரத்தக் கறை போயிற்று; ஆலைத் தொழிலாளர்களுக்கு இளைப்பு வந்தது. நுண்தூளாகப் பறந்த நொதி நுரையீரலில் ஒவ்வாமையை மூட்டியிருந்தது. 1969-இல் மைக்கேல் ஃப்ளிண்ட் என்ற மருத்துவர் இதை ‘லான்செட்’ இதழில் எழுதினார். பறக்காத நொதியைத் தேடவேண்டிய கட்டாயம் பிறந்தது.

வளர்ப்புத் தொட்டியிலிருந்து வடித்தெடுக்கும் நொதி நீர்க்கரைசலாகத்தான் கிடைக்கும். அதைக் குருணையாக்கும் வழிகளில் ஒன்று பாய்மப் படுகை. எஃகு உருளை ஒன்று. அதன் அடியில் துளைத்தட்டு. தட்டின்மேல் உப்பு மணிகள். கீழிருந்து வெப்பக் காற்றை ஏற்றினால், ஒரு வேகத்தில் காற்றின் உந்துதல் மணிகளின் எடைக்குச் சமமாகும். அதன்பின் அந்த மணிக்குவியல் திரவம்போல் நடந்துகொள்ளும். மேற்பரப்பு தானே மட்டமாகும். லேசான பொருள் மிதக்கும், கனமானது மூழ்கும். ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் விங்க்லர் 1920-களில் நிலக்கரியை வாயுவாக்க இதைக் கையாண்டார். காற்றில் மிதக்கவிட்டு மாத்திரைக்குப் பூச்சிடும் முறையை 1950-களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் உருவாக்கியவர் டேல் வர்ஸ்டர்.

குதிக்கும் மணிகள்மேல் நொதிக் கரைசலைத் தெளிக்கிறார்கள். துளி மணியில் பட்டுப் பரவும், நீர் ஆவியாகும், நொதி மெல்லிய தோலாகத் தங்கும். சீரக மிட்டாய் செய்பவர் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சீரகத்தைப் பருக்கவைப்பது போலத்தான் இதுவும். இங்கே கிளறுவது காற்று.

சூட்டில் கெடும் நொதியைச் சுடுகாற்றில் உலர்த்தலாமா என்ற கேள்வி நியாயமானது. இந்த எந்திரத்தில் என்னை மிகவும் வியக்கவைப்பது அதற்கான விடைதான். ஆவியாகும் நீர் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், ஈரம் இருக்கும்வரை மணி உள்ளே வரும் காற்றைவிட வெகுவாகக் குளிர்ந்தே இருக்கும். ஆனால் அளவு தப்பக்கூடாது. தெளிப்பு மிஞ்சினால் மணிகள் ஒட்டிக் கட்டியாகிப் படுகையே அமுங்கிவிடும். குறைந்தால் துளி வழியிலேயே காய்ந்து, எதைத் தவிர்க்க நினைத்தோமோ அந்தத் தூசியே உண்டாகும். இயக்குபவரின் கைத்திறன் இந்தக் குறுகிய இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

கடைசியாக நீரில் கரையும் பாலிமர் உறை ஒன்றைப் பூசுகிறார்கள். அந்த உறை தாங்குமா என்று அறியவும் சோதனை உண்டு. ஹோய்பாக் கருவியில் குருணைமேல் எஃகுக் குண்டுகளை உருட்டி, எழும் தூசியைக் காற்றோடு இழுத்து, வடிதாளில் பிடித்து, அதில் நொதி எவ்வளவு என்று அளக்கிறார்கள்.