பேகனின் மலையில் பைரவரின் வாகனம்

பழநி மலைநாட்டைச் சங்க காலத்தில் ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன், தோகை விரித்து நின்ற மயிலொன்று குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். அவன் பிறந்த ஆவியர் குடியின் பெயர்தான் மலையடிவாரத்துத் திருஆவினன்குடியில் இன்றும் ஒலிக்கிறது என்பர். மயிலுக்குப் போர்வை வேண்டுமா? வேண்டாம், அதன் இறகே அதற்குப் போர்வை. ஆயினும் புலவர்கள் அவனது அருள் நெஞ்சைப் பாடினார்கள். போர்வையால் மயிலுக்குத் தீங்கேதும் நேரவுமில்லை.

அதே மலையில் இன்று நாம் வேறோர் உயிருக்கு அன்போடு ஈவனவெல்லாம் அப்படித் தீங்கற்றவையாக இல்லை.

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சர் பொன்னம்பலம் ராமநாதனின் துணைவியாரும், இந்து சமயம் தழுவியவருமான லீலாவதி ராமநாதன் 1936-இல் எழுப்பிய திருக்கோயில் அது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்தே பழநி மலையும் தென்படும். தரிசனம் முடித்து வெளியே வருவோர் கையில் அவ்வூருக்கே பெயர் தந்த வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட் பொட்டலம் இருக்கும். எதிரே வாலாட்டியபடி ஒரு நாய் நிற்கும். "பைரவருக்கு ஒரு துண்டு போடு, கண்ணா" என்று பாட்டி சொல்ல, பேரக்குழந்தை அள்ளிக் கொடுக்கும். இது எந்த மலைக்கோயில் வாசலிலும் காணக்கூடிய காட்சி. புண்ணியம் என்றே நாமும் கருதுகிறோம்.

ஆனால் சாக்லேட் நாய்க்கு நஞ்சு. கோகோவில் தியோபுரோமின் என்னும் பொருள் உள்ளது. மனித உடல் அதனை விரைவில் கழித்துவிடும். நாயின் உடலுக்கு அது கைவருவதில்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் உட்சென்றாலே வாந்தி, பேதி, தணியாத தாகம், நிலைகொள்ளாத் தவிப்பு ஆகியவை தோன்றத் தொடங்கும். அளவு இரண்டு மூன்று மடங்காகும்போது இதயத்துடிப்பு தடுமாறி வலிப்பும் வரும். பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு 40 கிராம் கறுப்புச் சாக்லேட்டோ, 100 கிராம் பால் சாக்லேட்டோ போதும், அந்த முதல் எல்லையைத் தொட. ஒருவர் ஒரு துண்டு கொடுத்தால் ஒன்றும் ஆகாதிருக்கலாம். விடுமுறை நாளில் நாற்பது பேர் ஆளுக்கொரு துண்டு கொடுத்தால்? கோயில் வாசல் நாயின் கதி அதுதான். அறிகுறிகள் ஆறு மணி நேரத்துக்குப் பிறகுகூடத் தோன்றும். அதற்குள் கொடுத்தவர் வண்டியேறி மலையிறங்கியிருப்பார். தம் கையால் விளைந்ததை அவர் அறியவே மாட்டார்.

வீட்டு நாய் தின்றுவிட்டது தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் அவர் ஊசி போட்டு வாந்தியெடுக்கச் செய்வார். உப்புக் கரைசலை வாயில் ஊற்றும் பழைய வைத்தியம் வேண்டா. உப்பே இரண்டாவது நஞ்சாகிவிடும். தின்ற சாக்லேட்டின் உறையைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

சாக்லேட்டைவிட நம்மிடையே குறைவாக அறியப்பட்டது உலர்திராட்சை. இது சிறுநீரகத்தைத் தாக்குவது. எவ்வளவு தின்றால் கேடு என்று வரையறுத்துச் சொல்ல முடியாது. ஒரு நாய் கைப்பிடியளவு தின்று நலமாக இருக்கும், மற்றொன்று சிலவற்றாலேயே சிறுநீர் வற்றி ஓரிரு நாளில் படுத்துவிடும். திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாகலாம் என்று அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் 2021-இல் எடுத்துரைத்தனர். அதே அமிலம் மிகுந்திருப்பது எதில் தெரியுமா? நம் புளியில். புளி தின்ற நாய்களுக்கும் அவ்வாறே சிறுநீரகம் பழுதானது மறு ஆண்டே பதிவாயிற்று. ஆகவே சர்க்கரைப் பொங்கலிலும் கேசரியிலும் கிடக்கும் திராட்சையோடு, தொன்னையில் மிஞ்சும் புளியோதரையும் நாய்க்கு உரியதன்று. பிரசாதத்தை வீணாக்கலாகாது என்ற உணர்வு நல்லதே. மிஞ்சியதை மனிதர்க்குக் கொடுங்கள்.

பஞ்சாமிர்தம்? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழநிப் பஞ்சாமிர்தத்தில் மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு ஆகியவை சேர்கின்றன. நஞ்சு எதுவும் இல்லை. எனினும் இத்தனை இனிப்பும் நெய்யும் நாயின் கணையத்துக்குப் பெருஞ்சுமை. வீட்டில் செய்யும் பஞ்சாமிர்தத்தில் உலர்திராட்சை சேர்க்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. முருகனின் பிரசாதம் நம் நாவோடு நிற்கட்டும்.

அஷ்டமியில் எதைக் கொடுப்பது?

சிவாலயங்களில் ஈசான்ய மூலையில் எழுந்தருளியிருக்கும் பைரவர் க்ஷேத்திரபாலகர். இரவு நடை சாத்தியபின் திறவுகோலை அவர் திருவடியில் வைக்கும் மரபு பல கோயில்களில் உண்டு. அவர் பின்னே நிற்கும் ஞமலிக்குத் தேய்பிறை அஷ்டமியில் உணவிடுவது நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தை விட வேண்டியதில்லை; பண்டத்தை மாற்றினால் போதும்.

தாளிக்காத தயிர்ச்சாதம் மிகச் சிறந்தது. உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் குழைய வடித்த சோற்றில் தயிர் பிசைந்து வையுங்கள். வெறும் பாலைவிடத் தயிர் மேல். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்காகும். கிரீம் வைத்த பிஸ்கட்டைக் காட்டிலும் ஒரு சப்பாத்தி நல்லது. எல்லாவற்றினும் முதன்மையானது, நாள்தோறும் மாற்றப்படும் ஒரு சட்டி நீர். கோடையில் வழிநடை நாய்க்கு அதுவே விருந்து. தெருநாய்களுக்கு அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் உணவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 22 ஆகஸ்ட் 2025 அன்று ஆணையிட்டுள்ளதையும் மறக்கலாகாது. கோயில் படிக்கட்டிலும் குழந்தைகள் ஓடும் இடத்திலும் இட்டால், உணவுக்காக நாய்கள் ஒன்றையொன்று கடிக்கும். நடுவில் அகப்படுவது குழந்தை.

சைவ இல்லங்களில் வளரும் நாயைப் பற்றியும் ஒரு சொல். நாய் பூனையைப் போல ஊன் ஒன்றையே நம்பியதன்று. மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை அது பெற்றுவிட்டது என்பதை 2013-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆனால் பால்சோறு மட்டுமே உண்டு வளரும் குட்டியின் எலும்பு வளையும், தசை தேறாது. அவித்த முட்டை இல்லத்திற்கு ஏற்புடையதாயின் அது எளிய வழி. ஏற்பில்லையெனில் வேகவைத்த பருப்பும் பனீரும் மட்டும் நம்பாமல், சரிவிகிதமாகத் தயாரித்த சைவ நாயுணவை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். நம் நோன்பை நாயின் மீது ஏற்றுவதானால் அதற்கான செலவையும் நாமே ஏற்பதுதான் முறை.

உடன் நடந்து வரும் நாய்

தைப்பூசக் காலத்தில் செட்டிநாட்டிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் பழநிக்கு நடப்போர் கூட்டத்தில் எங்கோ ஓர் ஊரில் ஒரு நாய் சேர்ந்துகொள்ளும். "முருகனே அனுப்பினான்" என்று மகிழ்ந்து ஆளுக்கொரு பிஸ்கட் போடுவார்கள். அடிவாரத்தில் கூட்டம் கலையும், அடியார்கள் பேருந்தேறுவார்கள், நாய் நிற்கும். தன் எல்லையைவிட்டு வந்த நாயை அயலூர் நாய்கள் விட்டுவைப்பதில்லை. கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்வதும் எல்லையைக் கருதித்தான். ஆதலால் முதல் மைலிலேயே உணவிடாமல் அதட்டித் திருப்பிவிடுவதே கருணை. அதையும் மீறிப் பத்து ஊர் கடந்து வந்துவிட்டதா? அப்போது தருமர் வழிதான். சொர்க்கத்தின் வாசலில் நாயை விட்டுவிட்டு உள்ளே வர மறுத்தவர் அவர். நீரும் நிழலும் தந்து, தார்ச்சாலை சுடும் நண்பகலில் நடத்தாமல், திரும்பும் வண்டியில் அதன் ஊரிலேயே இறக்கிவிடுங்கள்.

வளர்ப்பு நாயோடு காரில் வருவோருக்கு நேரும் இடர் வேறு. குடும்பமே மலையேற வேண்டும். நாயை மேலே கொண்டு செல்ல முடியாது. காரின் கண்ணாடியைச் சிறிது இறக்கிவிட்டு அதற்குள்ளேயே விட்டுச் செல்கிறார்கள். 693 படியும் வரிசையும் அரைமணியில் முடிவதில்லை. வெளியே 30 பாகை வெப்பம் இருந்தால் பத்தே நிமிடத்தில் காரினுள் 40 பாகையை நெருங்கும். சிறிதளவு இறக்கிய கண்ணாடியால் ஏறக்குறையப் பயனில்லை. நாய்க்கு நம்மைப்போல் வியர்ப்பதில்லை, பெரும்பாலும் மூச்சிரைப்பாலேயே அது வெப்பத்தைத் தணிக்கிறது. நாக்கு செக்கச் சிவந்து, கால் தள்ளாடிக் கிடந்தால் நிழலுக்குத் தூக்கிச் சென்று உடல்மீது நீரூற்றி விசிறுங்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். ஈரத்துணியால் போர்த்தி வைக்காதீர்கள். உள்ளிருக்கும் சூட்டை அது வெளியே விடாது. பேகனின் போர்வை இங்கு ஆகாது.

திருவிடைமருதூரில் ஒரு திருவோடும் ஒரு நாயும் வைத்திருந்த காரணத்தால் பத்திரகிரியாரைப் பட்டினத்தார் "சம்சாரி" என்றார் என்பது வழிவழி வரும் செய்தி. நாயை வளர்ப்பவர் சம்சாரியே. ஒருவர் கீழே இருக்க, மற்றவர் மேலே சென்று வரட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

குறிஞ்சி நிலத்தில்

பழநியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிட்டால் வளைவுகளில் வாந்தி குறையும். மேலே ஏறக்குறைய 7,000 அடி உயரம். மார்கழி, தை இரவுகளில் குறுமயிர் கொண்ட ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கும் குட்டிகளுக்கும் கிழநாய்களுக்கும் உண்மையாகவே போர்வை வேண்டும். அடர்மயிர் நாய்க்கு அது மயிலுக்கிட்ட போர்வைதான். ஈரம் உலர்ந்த படுக்கை போதும்.

மழைமாதங்களில் சோலைப் புல்லில் அட்டை மிகுதி. ஓடைநீர் குடிக்கும் நாயின் மூக்கினுள்ளும் அது புகுந்துவிடும். ஓயாத தும்மலும் ஒரு நாசியில் மட்டும் இரத்தமும் கண்டால் அதுவென ஐயுறுங்கள். புகையிலைத் தூளையோ உப்பையோ மூக்கில் இடாமல் மருத்துவரை நாடுங்கள். ஊர் திரும்பியதும் காதுமடல், விரலிடுக்கு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஈறு வெளிறிக் காய்ச்சலும் கருஞ்சிவப்புச் சிறுநீரும் தோன்றினால் அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அப்படியே பூசி நாயைக் கொன்றவர்கள் உண்டு.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வேட்டை நாய்கள் சூழ்ந்துகொள்ளத் தலைவி அஞ்சி நடுங்குவாள்; தலைவன் வந்து அவற்றை அடக்குவான். சொன்ன சொல்லுக்கு அடங்கும் நாயே மலையில் அழைத்துச் செல்லத் தக்கது. "வா" என்றால் வரவும், வாயில் கவ்வியதை "விடு" என்றால் விடவும் வீட்டிலேயே ஆறு வாரம் பழக்குங்கள். நாளொன்றுக்குப் பத்து நிமிடம், கீழ்ப்படிந்த கணமே ஒரு சிறு துண்டு உணவு, அடி வேண்டா. கழுத்தை இறுக்கும் சங்கிலியை விட, மார்பைச் சுற்றி அணைக்கும் பட்டையும் ஆறடி வாரும் நல்லவை. கொடைக்கானல் நகருக்குள்ளேயே காட்டுமாடு உலவும். அவிழ்த்துவிட்ட நாய் அதைப் பார்த்துக் குரைத்துவிட்டு நம்மிடமே ஓடிவரும். பின்னாலேயே காட்டுமாடும் வரும். இரவில் சிறுத்தைக்கு அஞ்சி நாயை உள்ளே கட்ட வேண்டும். 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயக் காட்டுக்குள் நாயோடு நுழையவே வேண்டா. நம் நாய்களின் டிஸ்டெம்பர் நோய் அங்கு வாழும் செந்நாய்க் கூட்டத்துக்குத் தொற்றினால் கூட்டமே அழியக்கூடும்.

அந்நோய்க்கும் பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கும் சேர்த்துக் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில், பின்னர் ஆண்டுதோறும்.

யாத்திரையில் நம்மையே நாய் கடித்துவிட்டால் நேர்ச்சையென்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் இடாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கு ஊசி இலவசம். தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் நான்கு தவணை. இரத்தம் கசிந்த கடியாயின் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்துவார்கள். அதைக் கேட்டுப் பெறுங்கள். மூன்றாம் நாள் வேறோர் ஊரில் இருப்பீர்களானால் சீட்டைக் கையில் வைத்திருங்கள். அதைக் காட்டினால் அவ்வூர் அரசு மருத்துவமனையிலேயே அடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டு நடையைத் தொடரலாம்.