மலசலகூடத்துக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா?

செட்டிக்குளம் மனிக் பாம் முகாமில் இருந்த பெண்கள் பலரிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். சாப்பாடு, தண்ணீர், முட்கம்பி வேலி என்று எல்லாவற்றையும் உரத்துச் சொல்பவர்கள், மலசலகூடம் என்று வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சரியாகப் பூட்டாத கதவு, வெளியே வரிசை, இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருந்தது, துணைக்கு ஒருவரை எழுப்பிக் கூட்டிப்போனது என்று அந்தக் கதை நீளும்.

2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. ஆனாலும் ஏ9 வீதியில் பயணிக்கும்போது, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டிய பொது மலசலகூடங்களை இன்றும் காண்கிறேன். இதற்குப் பயந்தே தூரப் பயணத்தில் தண்ணீர் குடிக்காத பெண்கள் இருக்கிறார்கள். அடிக்கடி அடக்கிவைப்பதும் தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவிடும்.

அனர்த்த காலங்களில் உதவி நிறுவனங்கள் பின்பற்றும் ‘ஸ்பியர்’ நியமங்கள், 20 பேருக்கு ஒரு மலசலகூடம், அதுவும் இருப்பிடத்திலிருந்து 50 மீற்றருக்குள் என்று சொல்வதோடு நிற்பதில்லை. உள்ளே பூட்டும் வசதியும் போதிய வெளிச்சமும் வேண்டும் என்கின்றன. அதாவது, கதவு பூட்டாத மலசலகூடத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. இந்தக் குறைகளைத் தீர்க்கப் புதுக் கட்டடம் தேவையில்லை. சில சிறிய பொருட்கள் போதும்.

முதலாவது தாழ்ப்பாள். சின்ன ஆணியில் நிற்கும் கொழுக்கி நாலு இழுவையில் கழன்றுவிடும். கதவைத் துளைத்து மறுபக்கம் நட்டுப் போட்டு இறுக்கியது நிலைக்கும். பூட்டும்போது வெளியே சிவப்பும் திறக்கும்போது பச்சையும் காட்டும் தாழ்ப்பாள் இன்னும் நல்லது. வெளியே நிற்பவர் கதவை இழுத்துப் பார்க்கத் தேவையில்லை. உள்ளே யாராவது மயங்கினால், நாணயக் குற்றி ஒன்றால் வெளியிலிருந்து திருப்பித் திறக்கும் வகைகளும் உண்டு.

இரண்டாவது இடைவெளி. மரக்கதவு மழையில் ஊதி வெயிலில் சுருங்கும். தகரக்கதவு பிணைச்சல் தளர்ந்து சரியும். அந்த நீக்கலை மூட, கதவின் ஓரத்தில் நிலையின் மேல் படியும்படி ஒரு மரப்பட்டியோ றப்பர் பட்டியோ அடித்தால் போதும். கையடக்கத் தொலைபேசிக் கமெராவின் காலத்தில் ஒரு ஆணி ஓட்டையைக்கூட விட்டுவைக்க முடியாது. காற்றுக்கு வழி தலைக்கு மேலே இருக்கட்டும்.

மூன்றாவது வெளிச்சம். தறப்பாள் மறைப்புக்குள் மின்குமிழ் ஆளுக்குப் பின்னால் இருந்தால், நிழல் வெளியே படமாகத் தெரியும். அதை உச்சிக்கு நேரே உயரத்தில் கட்டினால் நிழல் நிலத்தில் விழும். மறைப்பின் கீழ்ப்பாதியைத் தகரத்தால் அடைத்தால் இன்னும் பாதுகாப்பு.

நான்காவது, கைப்பை கொழுவ ஒரு கொழுக்கியும் மூடியுள்ள குப்பைவாளியும். மாதவிடாய் நாட்களில் இவை இல்லாத இடத்தில் பெண் எதை எங்கே வைப்பாள்?

எங்கள் மண்ணுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். யுத்தத்தில் கையையோ காலையோ இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். உள்நோக்கித் திறக்கும் ஒடுங்கிய கதவைச் சக்கர நாற்காலியோடு உள்ளே போய்ச் சாத்தமுடியாது. திறந்த கதவோடு இருப்பதா, போகாமலே விடுவதா என்ற நிலைதான் அவர்களுக்கு. அகலமான, வெளிநோக்கித் திறக்கும் கதவும், விரல்களால் பிடிக்காமல் முழங்கையாலேயே தள்ளக்கூடிய நீளப்பிடித் தாழ்ப்பாளும் அவர்களுக்கு வேண்டும்.

திறப்பு விழாவில் பதிக்கும் பெயர்க்கல்லின் செலவில் பல தாழ்ப்பாள்கள் வாங்கலாம். உங்கள் பிரதேச சபையோ பாடசாலையோ கோயிலோ அடுத்த மலசலகூடத்தைக் கட்டும்போது, நாடா வெட்டமுன் ஒரு பெண்ணையும் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையும் உள்ளே போய்க் கதவைப் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சரி என்ற பிறகு திறக்கட்டும்.