மேற்கைக் கொழுப்பு உறிஞ்சல் சிகிச்சைக்குப் பின் உடல் தேறுதலும் கைகளின் சமமின்மையும்: ஒரு விளக்க நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

லிப்போசக்‌ஷன் என வழங்கும் கொழுப்பு உறிஞ்சல் சிகிச்சையை மேற்கையில் செய்துகொண்டோர், முதல் சில வாரங்களில் இரு கைகளும் ஒத்திராமை கண்டு கலங்குவதுண்டு. அச்சமமின்மை யாவும் ஒரே தன்மையுடையது அன்று. வீக்கத்தால் வருவது, கொழுப்பின் அளவால் வருவது, தோலால் வருவது என அதனை மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றும் தெளிவுறும் காலத்தையும் அதற்குரிய தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொழுப்பு உறிஞ்சல், மேற்கை, வீக்கம், நார்த்தடிப்பு, சமமின்மை, மறுசிகிச்சை.

முன்னுரை

குழல்வழியே கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறை 1970களில் இத்தாலியில் ஃபிஷர் எனும் தந்தை, மகன் இருவரால் தொடங்கப்பெற்றது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் பாரிசில் இல்லூஸ் என்பார் மழுங்கிய முனையுடைய குழலைக் கையாண்டு அதனைப் பரவலாக்கினார். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987இல் வெளியிட்ட முறை இத்துறையில் திருப்பமாக அமைந்தது. உணர்விழப்பு மருந்தும் இரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்த நீர்மத்தைக் கொழுப்படுக்கில் நிரப்பிய பின் உறிஞ்சுவதே அம்முறை. இதனால் இரத்த இழப்பு பெரிதும் குறைந்தது.

சிகிச்சை எளிதானதால் உடல் தேறுவதும் விரைவானது என்ற எண்ணம் பரவியுள்ளது. ஆனால் சிகிச்சை சில மணிநேரத்தில் முடிந்தாலும் அதன் பயன் முழுமையாக வெளிப்படப் பல மாதங்கள் ஆகும். இவ்விரு கால அளவுகளுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை அறியாதார், மூன்றாம் வாரத்துக் கையையே முடிந்த முடிபாகக் கொண்டு மறுசிகிச்சைக்கு விரைகின்றனர். எந்தச் சமமின்மைக்குக் காத்திருக்க வேண்டும், எதற்கு உடனே மருத்துவரை நாட வேண்டும் என்பதே இங்கு எழும் முதன்மையான வினா.

மேற்கையின் இயல்பு

மேற்கையில் கொழுப்பு பெரும்பாலும் பின்புறத்தில், முத்தலைத் தசையின் மேல் படிகிறது. உட்புறத் தோல் மெல்லியது, எளிதில் தளர்வது. கையைத் தொங்கவிடும்போது தோன்றும் வடிவம் வேறு, பக்கவாட்டில் நீட்டும்போது தோன்றும் வடிவம் வேறு. ஆகவே சிறிய பள்ளமும் மேடும்கூட இங்கே எளிதில் புலப்படும்.

மேலும், இரு கைகளும் இயல்பிலேயே முற்றும் ஒத்தவை அல்ல. மிகுதியாகப் பயன்படும் கை பெரும்பாலும் சற்றுப் பருத்திருக்கும். சிகிச்சைக்கு முன் எவரும் தம் கைகளை இவ்வளவு கூர்ந்து நோக்குவதில்லை. முன்பே இருந்த வேறுபாடு பின்னர் புதிய குறையாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேறுதலின் படிநிலைகள்

முதல் ஓரிரு நாள்களில் உள்ளே செலுத்திய நீர்மம் இரத்தம் கலந்து சிறு துளைகள் வழியே கசியும். வீக்கம் முதல் சில நாள்களில் உச்சத்தை அடையும். புவியீர்ப்பினால் அது முழங்கைக்கும் முன்கைக்கும் சில வேளைகளில் புறங்கைக்கும் இறங்கும். கன்றிய நிறம் நீலத்திலிருந்து பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறி ஏறத்தாழ 2 வாரங்களில் மங்கும்.

அதன் பின் வருவதே பலரை அச்சுறுத்தும் கட்டம். குழல் சென்ற வழிகளை உடல் கொலாஜன் இழைகளால் நிரப்புவதால், ஏறத்தாழ 3 முதல் 6 வாரங்களில் தோலுக்கடியில் கட்டிகள் போன்ற தடிப்பு தட்டுப்படும். கை மரத்தும் இறுகியும் இருக்கும். இந்நார்த்தடிப்பு தேறுதலின் ஒரு பகுதியே. பின்வரும் மாதங்களில் இழைகள் மறுசீரமைக்கப்பட்டு அது மென்மையாகும். பொதுவாக 3 முதல் 6 மாதங்களில் வடிவம் நிலைபெறும். மரத்த உணர்வு மீளவும் மாதங்கள் ஆகலாம். அதுவரை அவ்விடத்தில் சூட்டு ஒத்தடம் தருதல் தீங்கானது. உணர்விழந்த தோல் வெந்தாலும் அது தெரியாது.

சமமின்மையின் மூவகை

தமிழில் ‘ஏற்றத்தாழ்வு’ என்னும் ஒரு சொல்லே இக்குறைகள் அனைத்தையும் சுட்டப் பயன்படுகிறது. சிகிச்சை நோக்கில் அவற்றைப் பிரித்தறிவது இன்றியமையாதது.

முதலாவது வீக்கச் சமமின்மை. ஒரு கையில் நிணநீர் விரைவாகவும் மறுகையில் மெதுவாகவும் வடிவதால் இது நேர்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்து உறங்குகிறார், எந்தக் கையால் மிகுதியாக வேலை செய்கிறார் என்பனவும் இதனைப் பாதிக்கும். காலையிலும் மாலையிலும் அளவு மாறுவதும், விரலால் அழுத்தினால் குழி விழுவதும் இதன் அடையாளங்கள். இது பெரும்பாலும் தானே தணியும்.

இரண்டாவது கொழுப்புச் சமமின்மை. ஓரிடத்தில் மிகையாகவோ மற்றோரிடத்தில் குறைவாகவோ கொழுப்பை எடுத்தமையாலும், தோலுக்கு மிக நெருக்கமாக உறிஞ்சியமையாலும் இது உண்டாகிறது. வீக்கம் வடிந்த பின்னரும் மாறாத பள்ளமோ மேடோ இதனைக் காட்டும். 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, முதிர்ந்தோர் உடலில் கொழுப்பணுக்களின் மொத்த எண்ணிக்கை பெரிதும் மாறாமல் நிலைத்திருப்பதைக் காட்டியது. எடை கூடும்போது எஞ்சிய அணுக்கள் பருக்கும். அவை சீராக எஞ்சாத கையில் வேறுபாடு மேலும் வெளிப்படும். எனவே எடையை நிலையாகப் பேணுவதும் தேறுதலில் அடங்கும்.

மூன்றாவது தோல் சமமின்மை. உள்ளடுக்கு குறைந்த அளவுக்குத் தோல் சுருங்காதபோது மடிப்பும் அலையலையான பரப்பும் தோன்றும். அகவை, பெருமளவு எடையிழப்பு, தோலின் மீள்திறன் ஆகியவற்றைப் பொறுத்து இது அமையும். அழுத்த உடை அக்குளிலோ முழங்கையிலோ சுருண்டு பலநாள் அழுத்துவதும் நிலையான கோடுகளை ஏற்படுத்தலாம். உடையின் சுருக்கங்களை நாள்தோறும் நீவிவிடுதல் சிறிய செயலாயினும் பயன் பெரியது.

அளத்தலும் எச்சரிக்கையும்

கண்ணாடி நம்பத்தகுந்த அளவுகோல் அன்று. ஒளியும் கோணமும் மாறினால் கையும் மாறித் தோன்றும். முழங்கை எலும்பின் முனையிலிருந்து குறித்த தொலைவில், ஒரே நேரத்தில், வாரம் ஒருமுறை நாடாவால் சுற்றளவு எடுத்தல் தெளிவு தரும். ஒரே ஒளியில், ஒரே தொலைவில், கைகளைத் தொங்கவிட்டும் நீட்டியும் மாதம் ஒருமுறை எடுத்த ஒளிப்படங்கள் அதற்குத் துணையாகும். சிகிச்சைக்கு முந்தைய அளவுகளும் இருந்தால், பழைய வேறுபாடு எது, புதியது எது என்பது ஐயமின்றிப் புலப்படும். தமிழ்ப் பெண்கள் பலர் இரவிக்கைக் கையின் இறுக்கத்தைக் கொண்டே மாற்றத்தை உணர்கின்றனர். மாலை வீக்கத்தில் அவ்வளவு பிழைபடும்.

காத்திருத்தல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒரு கை மட்டும் திடீரெனப் பெருத்து, தொட்டால் நீர் அலைவது போல் உணரப்பட்டால் அது ஊநீர்த் தேக்கமாக இருக்கலாம்; மருத்துவர் ஊசியால் அதனை வடிப்பார். காய்ச்சல், பரவும் செம்மை, நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவை தொற்றின் அறிகுறிகள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீக்கம் ஆகியன இரத்தம் உறைந்து குழாயை அடைத்தமையைச் சுட்டக்கூடும். இவற்றுக்கு உடனடி மருத்துவ உதவி தேவை.

மறுசிகிச்சை

வீக்கமும் தடிப்பும் நீங்காத கையில் மீண்டும் குழலைச் செலுத்துவது, தானே மறையவிருந்த மேட்டைப் பள்ளமாக்கக்கூடும். அதனாலேயே குறைந்தது 6 மாதமேனும் காத்திருக்கும்படி அறுவை மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துகின்றனர். அதன் பின் தீர்வு வகைக்கேற்ப வேறுபடும். எஞ்சிய கொழுப்பு மேட்டுக்குச் சிறிய அளவில் மறு உறிஞ்சல் போதும். பள்ளத்திற்கு உடலின் வேறிடத்துக் கொழுப்பை எடுத்து நிரப்புவர். அதில் ஒரு பகுதி உடலால் ஈர்க்கப்பட்டுவிடும் என்பதால் மீண்டும் செய்ய நேரலாம். தளர்ந்த தோலுக்கு மேலும் உறிஞ்சுவது தளர்வையே கூட்டும். மிகைத் தோலை அகற்றும் அறுவையே அங்கு வழி. அதற்கு ஈடாக நீண்ட தழும்பை ஏற்க வேண்டும்.

மனநிலை

நோயின் பொருட்டு அறுவை செய்துகொண்டவர்க்குச் சுற்றத்தின் பரிவு கிடைக்கிறது. தோற்றத்தின் பொருட்டுச் செய்துகொண்டவர்க்கோ ‘தானே தேடிக்கொண்டது’ என்னும் சொல் காத்திருக்கிறது. அதற்கு அஞ்சிப் பலர் வலியையும் ஏமாற்றத்தையும் மறைக்கின்றனர். அவ்வாறு மறைப்பவர் மருத்துவரிடமும் தாமதமாகவே பேசுவர். பிறர் கண்ணுக்குப் புலப்படாத சிறு வேறுபாட்டைப் பற்றி நாளின் பெரும்பொழுதும் எண்ணியிருப்பது தொடர்ந்தால், அது உளநல உதவி வேண்டும் நிலையாக இருக்கலாம். 2013இல் வெளியான அமெரிக்க உளநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இத்தகைய உடல்தோற்றக் கோளாற்றை எண்ணச்சுழற்சி நோய்களோடு வகைப்படுத்துகிறது. அந்நிலையில் மறுசிகிச்சை மனநிறைவு தருவது அரிது. எனினும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் குறையைச் சொல்பவரை இப்பெயரிட்டு ஒதுக்குவதும் பிழையே.

முடிவுரை

மேற்கையின் சமமின்மையை ஒரே குறையாகக் கருதுவது இருவகைத் தவறுகளுக்கு இடமளிக்கிறது. ஒன்று, தானே தீரும் வீக்கத்துக்கு அறுவையை நாடுவது. மற்றொன்று, ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்னும் ஆறுதலில் தொற்றையும் ஊநீர்த் தேக்கத்தையும் கவனியாது விடுவது. வீக்கம், கொழுப்பு, தோல் என்னும் பகுப்பு இவ்விரண்டையும் தவிர்க்கத் துணைசெய்யும். மருத்துவர் இப்பகுப்பைச் சிகிச்சைக்கு முன்னரே எளிய தமிழில் விளக்கி, கைகளின் அளவுகளையும் குறித்துக் கொடுப்பாராயின், மூன்றாம் வாரத்துக் கலக்கத்தின் பெரும்பகுதி எழாமலே போகும்.