பெண் மீனை ஆணாக்கும் மாத்திரை!

மீன் மார்க்கெட்டில் கொடுவா வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பீர்கள். அமுக்கிப் பார்ப்பீர்கள். விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவீர்கள். அது ஆணா, பெண்ணா என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

ரெண்டு, மூணு கிலோ கொடுவா என்றால் அநேகமாக ஆண். அதே மீன் வலையில் சிக்காமல் தப்பித்து ஏழெட்டு கிலோவுக்கு வளர்ந்திருந்தால், பெண்ணாகி முட்டையே போட ஆரம்பித்திருக்கும்! களவா மீன் இதற்கு நேர் எதிர். முதலில் பெண், வயசாகிப் பெருத்த பிறகுதான் ஆண்.

பவளப்பாறைகளில் வாழும் ஒரு சின்ன மீன் இன்னும் கெட்டிக்காரி. மற்ற மீன்களின் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்கிற மீன் அது. ஓர் ஆண், அதற்கு நாலைந்து மனைவிகள் என்று குடும்பம். ஆஸ்திரேலியக் கடலில் இதை ஆராய்ந்த ராபர்ட்சன் என்ற விஞ்ஞானி 1972-ல் எழுதினார்: ஆண் செத்துப் போனால், மனைவிகளில் மூத்தவள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆண் மாதிரி மிரட்ட ஆரம்பிக்கிறாள். 14 முதல் 18 நாட்களில் விந்து வெளியிடுகிற நிஜ ஆணாகவே ஆகிவிடுகிறாள்!

இந்தக் கூத்துக்கெல்லாம் முக்கியமான சூத்திரதாரி 'அரோமடேஸ்' என்கிற என்ஸைம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது இதன் வேலை. பாலைத் தயிராக்கும் உறைமோர் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். உறை ஊற்றாவிட்டால் பால் தயிராகாது இல்லையா? அதே மாதிரி, அரோமடேஸ் குறைந்தால் மீனுக்குள் ஈஸ்ட்ரோஜன் குறையும். சினைப்பை சுருங்கும். அந்த இடத்தில் விந்துப்பை வளரும்.

மீன் பண்ணைக்காரர்களுக்கு இதில் ஒரு லாபம். களவா தானாக ஆணாகும் வரை வருஷக்கணக்கில் யார் காத்திருப்பது? அரோமடேஸைத் தடுக்கும் மருந்தைத் தீனியில் கலந்து கொடுத்து, சீக்கிரமே ஆணாக்கியிருக்கிறார்கள், நம் நாட்டிலும்தான். அந்த மருந்தின் பெயர் லெட்ரோசோல்.

எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர்கள் எழுதித் தருகிறார்களே... அதே லெட்ரோசோல்தான்!

"ஐயையோ, அப்படின்னா நானும் ஆம்பளை மாதிரி ஆயிடுவேனா?"

ஆக மாட்டீர்கள். மீனின் இனப்பெருக்க உறுப்பில், வளர்ந்த பிறகும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பக்கூடிய செல்கள் இருக்கின்றன. நமக்கோ ஓவரியா, விதைப்பையா என்பது தாயின் வயிற்றில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கருமுட்டை சரியாக வளராத இளம் பெண்களுக்கு இதே மருந்தை மாதத்தில் ஐந்து நாள் மட்டும் கொடுத்துக் குழந்தை பிறக்க உதவுகிறார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

அப்புறம் எதற்குப் புற்றுநோய்க்கு? மாதவிலக்கு நின்றாலும் ஈஸ்ட்ரோஜன் அடியோடு நிற்பதில்லை. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண் வகை ஹார்மோன்களை, நம் உடம்புக் கொழுப்பில் இருக்கும் அரோமடேஸ் ஈஸ்ட்ரோஜனாக்கிக் கொண்டே இருக்கும். சில வகை மார்பகக் கட்டிகளுக்கு அதுதான் தீனி. மாத்திரை அந்தத் தீனியை நிறுத்துகிறது.

தொந்தரவே இல்லையா என்றால், உண்டு. காலையில் எழுந்ததும் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும். உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கும். போகப் போக எலும்பு பலவீனமாகும். அதனால்தான் எலும்பின் அடர்த்தியை அளக்கும் 'டெக்ஸா' ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். கால்சியம், வைட்டமின் டி தருவார்கள். பெரும்பாலும் ஐந்து வருஷமாவது சாப்பிட வேண்டிய மாத்திரை இது. வலி தாங்க முடியவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். இதே வேலையைச் செய்யும் அனஸ்டிரோசோல் இருக்கிறது. வேறு விதமாக வேலை செய்யும் டாமாக்ஸிஃபென் இருக்கிறது. மாற்றித் தருவார்.