கல்லின் நிறத்தை மாற்றாத கெமரா எது?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, பேருவளை சீனன்கோட்டையிலும் இரத்தினபுரியிலும் மாணிக்க வியாபாரம் அப்படியே நின்றுபோனது. ஹொங்கொங், பாங்கொக் வாங்குநர்கள் வர விமானமும் இல்லை. கல்லை வீடியோவில் காட்டி விலை பேசும் பழக்கம் நம்மவர்களிடையே வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். விமானங்கள் மீண்டும் பறந்த பின்னரும் அந்தப் பழக்கம் போகவில்லை. முதல் பார்வை வீடியோவில், கடைசிப் பேரம் கையில் என்று பலரும் இன்று தொழில் செய்கிறார்கள்.

ஆனால் இதற்காகக் கெமரா வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி "இது 4கேயா?" என்பதுதான். 4கே என்றால் சுமார் 83 இலட்சம் புள்ளிகள். சாதாரண 1080 கெமராவில் சுமார் 21 இலட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸூம், வட்ஸ்அப் போன்றவை அந்தப் புள்ளிகளை அப்படியே அனுப்புவதில்லை. படத்தைச் சுருக்கி, பெரும்பாலும் 720 அல்லது 1080 தரத்தில்தான் அந்தப் பக்கம் சேர்க்கின்றன. ஸூமில் 1080 தரத்துக்கே உங்கள் இணைப்பின் மேலேற்ற வேகம் நொடிக்கு 4 மெகாபிட் அளவில் வேண்டும். அது இல்லாத இடத்தில் 4கேக்குக் கொடுக்கும் பணம் வீண்.

கல் வியாபாரிக்கும் துணி வியாபாரிக்கும் உயிர்நாடி நிறம். கெமரா கோளாறு செய்வதும் அதில்தான். சாதாரண வெப் கெமராக்கள் "ஓட்டோ வைட் பெலன்ஸ்" முறையில் இயங்குகின்றன. எது வெள்ளை என்பதைக் கெமரா தானே ஊகித்து மற்ற நிறங்களைச் சரிசெய்யும். நீலக்கல் ஒன்றை லென்ஸ் நிறையக் காட்டினால், வெளிச்சமே நீலம் என்று எண்ணி அது மஞ்சளைக் கூட்டிவிடும். நல்ல நீலம் சாம்பல் பூத்துத் தெரியும். கல்லைச் சற்று விலக்கினால் வேறொரு நீலம் வரும். கைத்தொலைபேசிகளோ எதிர்த்திசையில் போகும். பார்ப்பவர் கண்ணைக் கவர வேண்டும் என்று நிறத்தைத் தூக்கிக் காட்டுவது அவற்றில் பலவற்றின் வழக்கம். வெளிறிய கல் அதில் விலை கூடிய கல்லாகத் தெரியலாம்.

நமக்கு இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல. மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, அடியில் இருந்த ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்ட சம்பவம் நாம் அறிந்தது. நிறம் கூடித் தெரிகிறது என்று தெரிந்துகொண்டே, "கெமரா அப்படிக் காட்டுகிறது" என்று ஒதுங்கிக்கொள்ள முடியுமா? பொதி திரும்பி வந்தால் கூரியர் செலவு மட்டுமா நட்டம்? அந்த வாங்குநர் அடுத்த முறை உங்கள் அழைப்பை எடுக்கமாட்டார்.

ஆகவே வைட் பெலன்ஸ், எக்ஸ்போஷர், ஃபோகஸ் மூன்றையும் கையால் மாற்றி நிலைநிறுத்த முடிகிற கெமராவாகப் பார்த்து எடுங்கள். 2012இல் வந்த லொஜிடெக் சி920 போன்ற பழைய மாதிரியே இதற்கு இடம் தருகிறது. வெள்ளைக் காகிதம் ஒன்றைக் கல் வைக்கும் இடத்தில் வைத்து, காகிதம் திரையில் வெள்ளையாகத் தெரியும்வரை சரிசெய்து, ஓட்டோவை நிறுத்திவிடுங்கள். பின்னர் கல்லைக் காட்டும்போதும் அந்தக் காகிதம் படத்தின் ஓரத்தில் இருக்கட்டும். எதிரில் இருப்பவர் தன் திரை சரியா என்று பார்த்துக்கொள்ள அதுவே சாட்சி.

தினமும் பெரிய கல் காட்டுபவர்கள் மெக்ரோ லென்ஸ் பூட்டிய மிரர்லெஸ் கெமராவை எச்டிஎம்ஐ வழியாகக் கணனியில் இணைக்கலாம். படம் அபாரம். ஆனால் பேச்சு நீண்டால் பெட்டரி தீரும், சில மாதிரிகள் சூடாகி நின்றுவிடும். மின்சாரத்தில் இயங்கும் அடெப்டரையும் சேர்த்தே விலை கணக்கிடுங்கள். மேசையைச் சுற்றிச் சகோதரர்கள் நான்கு பேர் அமர்ந்து பேசும் காரியாலயத்துக்குத் தேவை வேறு. அங்கே அகலக் கோண லென்ஸ் போதும். நிறத்தைவிட அங்கே நல்ல மைக் முக்கியம்.

வெளிச்சத்துக்குப் பணம் ஒதுக்காமல் கெமராவுக்கு மட்டும் ஒதுக்குவது, என் கருத்தில், தலைகீழ் வேலை. சீஆர்ஐ 90க்கு மேற்பட்ட, பகல் வெளிச்ச நிறமுள்ள எல்ஈடி விளக்கு வாங்குங்கள். நட்சத்திரக் கல்லுக்கும் வைடூரியத்துக்கும் மட்டும் இந்தப் பரந்த வெளிச்சம் உதவாது. நட்சத்திரமும் கீற்றும் ஒற்றைச் சிறு விளக்கின் கீழ்தான் எழும். பகலில் ஒரு நிறமும் மஞ்சள் மின்குமிழில் வேறு நிறமும் காட்டும் கல்லை இரண்டிலும் காட்டிவிடுவதே நேர்மை.

ஸூமில் முகத்தை மெருகூட்டும் வசதியையும் பின்னணிப் படத்தையும் நிறுத்திவையுங்கள். பின்னணிப் படம் இருந்தால் கையில் பிடித்த கல்லே பாதி மறைந்துபோகும்.

வாங்கும்போது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கல்லையோ துணித்துண்டையோ கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கெமராவைக் கணனியில் பூட்டி, அமைப்புப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வைட் பெலன்ஸில் ஓட்டோவை நிறுத்தும் இடம் இருக்கிறதா? நம் நாட்டு மின்சாரத்துக்குரிய 50 ஹேர்ட்ஸ் தெரிவு இருக்கிறதா? 60இல் விட்டால் சில விளக்குகளின் கீழ் படத்தில் கோடுகள் ஓடும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், பெட்டியில் 4கே என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.