எந்தக் குமிழைத் திருகுவது?

கணினியை ரிசீவரோடு இணைத்துப் பாட்டுக் கேட்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பிளேயரில் ஒரு வால்யூம், விண்டோஸில் ஒன்று, ரிசீவரில் ஒன்று. எதைத் திருக?"

ரிசீவரை மட்டும். மற்ற இரண்டையும் 100-இல் வைத்துவிட்டு மறந்துவிடலாம். பதில் அவ்வளவுதான். காரணம் எனக்குப் பிடித்த சங்கதி என்பதால் இன்னும் கொஞ்சம் பேசுகிறேன்.

1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக வைத்திருக்கிறது. 65,536 படிகள் கொண்ட ஏணி அது. பிளேயரில் வால்யூமைக் குறைப்பது வெறும் வகுத்தல் கணக்கு. அலையைப் பத்தில் ஒன்றாக்கினால் முழுக் கச்சேரியும் ஆறாயிரத்துச் சொச்சம் படிகளுக்குள் ஒடுங்கிவிடும். மிருதங்கத்துக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் பின்னால் இழைகிறதே தம்பூரா, அதற்குத்தான் ஆபத்து. 40 படி உயரத்தில் அசைந்த நாதம் இப்போது 4 படிக்குள் அசைய வேண்டும். மூன்றரை, இரண்டேகால் என்று படி கிடையாது. பக்கத்து முழு எண்ணில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு ரிசீவரை ஏற்றினால் அந்தப் பிழையும் சேர்ந்தே பெருகும்.

எங்கள் அப்பாவின் ஜாதகத்தை ஒருமுறை பர்ஸில் வைக்கும் அளவுக்குச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்தேன். மூலம் தொலைந்தபின் அந்தத் துண்டைப் பெரிதாக்கியபோது கட்டங்கள் இருந்தன. உள்ளே கிரகங்கள் எல்லாம் எறும்புகளாகியிருந்தன.

ரிசீவருக்கு 24 பிட்டில் அனுப்பினால் ஏணிக்கு ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் படிகள். அங்கே இந்த இழப்பு காதுக்கு எட்டாது. ஆனால் நம்மில் பலர் கணினியின் ஹெட்போன் துளையிலிருந்துதான் ஒயர் இழுக்கிறோம். அந்தத் துளைக்கென்று ஓர் இரைச்சல் உண்டு. சில கணினிகளில் மவுஸை நகர்த்தினாலே 'கிர்ர்' என்று கேட்கும். பாட்டை அங்கே குறைத்தாலும் இரைச்சல் குறையாது. ரிசீவர் இரண்டையும் ஒரே கையால் தூக்கிவிடும்.

விதிவிலக்கும் உண்டு. எம்பி3 கோப்பை விரிக்கும்போது சில உச்சங்கள் மூல அலையைவிடச் சற்றே மேலே எகிறும். ஏணிக்கு மேல் படி இல்லாததால் அவை வெட்டுப்படும். உரத்த இடங்களில் கரகரத்தால் பிளேயரை மட்டும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். ஈக்குவலைசரில் பாஸை ஏற்றியிருந்தால் கட்டாயம் இறக்க வேண்டும். வி.எல்.சி. பிளேயர் 100-ஐத் தாண்டியும் ஏற்ற விடுகிறது. மெல்லிய குரலில் பதிவான பேச்சுக்கு அது உதவும். சங்கீதத்துக்கு வேண்டாம். பாடகரும் ஒலிப்பதிவாளரும் மணிக்கணக்கில் உட்கார்ந்து அமைத்த ஏற்ற இறக்கத்தை நம் ஒரு விரல் தட்டையாக்குவது எனக்குப் பொறுக்காது. நல்ல ரிசீவர் வாங்கி அதன் குமிழில் தூசி படியவிட்டு, எலிப்பொறி மாதிரி மவுஸைப் பிடித்தே காலம் தள்ளுகிறவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

பிளேயரையும் விண்டோஸையும் 100-க்கு மாற்றுமுன் ரிசீவரை நன்றாக இறக்கிவிடுங்கள். கணினியின் அறிவிப்பு ஒலிகளையும் அணையுங்கள். நான் இரண்டாவதை மறந்தேன். இரவு பதினொன்றரைக்கு வந்த ஒரு மின்னஞ்சலின் 'டிங்', எதிர்வீட்டு விளக்கைப் போட வைத்தது.