மலைக்காட்டில் ஓர் இரவு: யார் பொறுப்பில்?

மழை ஓய்ந்து மலைகள் பசுமை கட்டும் மாதங்களில், கைபேசித் திரையில் ஒரு வகை விளம்பரம் தவறாமல் வந்துவிடுகிறது. நடுக்காட்டில் கூடாரம், இரு பகல் ஓர் இரவு, கேம்ப்ஃபயர், சுட்ட இறைச்சி, பாட்டு என்பதே அதன் சாரம். வால்பாறை, மேகமலை, கொடைக்கானல் மேல்மலை, கொல்லிமலை, வயநாடு என்று ஊர்ப்பெயர் மட்டும் மாறும். கட்டணமும் புறப்படும் நேரமும் உணவுப் பட்டியலும் அதில் விரிவாக இருக்கும். அந்த இடம் காப்புக்காடா, தனியார் எஸ்டேட்டா, யானைகள் கடக்கும் வழியா, அங்கே இரவில் தங்க அனுமதி அளித்தது யார் என்ற விவரங்கள் மட்டும் இருப்பதில்லை.

மலைக்காட்டில் ஓர் இரவைக் கழிக்க விரும்புவதைக் குறையாக நான் கருதவில்லை. நகரத்தில் வளரும் ஒரு பிள்ளை, மின்விளக்கு இல்லாத வானத்தையும் ஓடையின் ஓசையையும் அறிந்துகொள்வது அதன் கல்வியில் ஒரு பகுதி. காட்டைப் பார்த்தே இராதவர்கள் காட்டுக்காகக் குரல் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது. எனவே, காட்டில் தங்கலாமா கூடாதா என்று விவாதிப்பதைவிட, எந்த இடத்தில், எத்தனை பேர், யாருடைய பொறுப்பில் தங்குவது என்று கேட்பதே பயன் தரும். இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் தள்ளிப்போட்டதற்கு நாம் மனித உயிர்களையும் விலங்குகளின் உயிர்களையும் விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

இரவில் இயங்கும் நிலம்

பழந்தமிழ் இலக்கணம் மலையும் மலைசார்ந்த இடமுமான குறிஞ்சிக்குரிய சிறுபொழுதாக யாமத்தை வகுத்தது. நள்ளிரவில் மலைவழியே நடப்பதன் அச்சம் சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் பேசப்படுகிறது. தினைப்புனம் காத்தவர்கள் தரையில் படுக்கவில்லை; இதணம் என்னும் பரண் அமைத்து, அதன் மீதிருந்து காவல் காத்தார்கள். இரவில் தரை விலங்குகளுக்கு உரியது என்பதை அந்த மக்கள் அறிந்திருந்தார்கள்.

இன்றும் அந்த நிலை மாறவில்லை. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தீவனமும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் தேவை. இவற்றைத் தேடி அது இரவிலும் நடக்கிறது. மனித நடமாட்டம் மிகுந்த பகுதிகளில் பகலைவிட இரவிலேயே கூடுதலாக நடக்கிறது. சரிவு குறைந்த மலைவிளிம்புகள், இரு குன்றுகளுக்கு இடையிலான கணவாய்கள், ஓடைக்கரைகள் ஆகியவையே அதன் பாதைகள். கூடாரம் அடிக்கச் சமதளம் தேடுகிற மனிதரின் கண்ணிலும் இதே இடங்கள்தாம் முதலில் படுகின்றன. நல்ல சமதளம், அருகிலேயே தண்ணீர் என்று நாம் மகிழ்கிற இடம், யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த தடமாக இருக்க வாய்ப்பு மிகுதி.

யானையின் மோப்பத் திறன் மிகக் கூர்மையானது. உப்பு, வெல்லம், பழுத்த வாழைப்பழம், சமைத்த சோறு ஆகியவற்றின் மணம் அதைத் தொலைவிலிருந்தே இழுத்துவரும். கூடாரத்தின் துணி அந்த மணத்தைத் தடுக்காது. பொறுப்பான முகாம்களில் தூங்கும் இடத்திலிருந்து விலகிச் சமைப்பதும், இருட்டும் முன்பே சமையலை முடிப்பதும், மிச்சத்தை அங்கேயே கொட்டாமல் கட்டி எடுத்துச்செல்வதும் இதனால்தான். மலையடிவாரக் காடுகளில் இரவில் உலவும் கட்டுவிரியன், தரையில் தூங்குபவரைக் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. கூடாரத்தின் ஜிப்பை முழுமையாக மூடிவைப்பது ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும். புதர்ப் பூச்சிகளின் கடியால் வரும் ஸ்கரப் டைபஸ் காய்ச்சல் தமிழகத்துக்குப் புதியதன்று. புல்தரையில் வெறும் போர்வை விரித்துப் படுப்பது அதை வரவேற்பதாகும். மலையிலிருந்து திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டில் தங்கியதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

நிலத்தின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். 1,000 மீட்டர் உயரம் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே பள்ளத்தில் அடித்த கூடாரம், சற்று மேலே உள்ள மேட்டைவிடக் கூடுதலாகக் குளிரும். ஓடையின் மணல்திட்டு இன்னும் ஆபத்தானது. நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, மேலே எங்கோ பெய்த மழை நள்ளிரவில் வெள்ளமாக இறங்கிவிடும்.

தீ சொன்ன பாடம்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சென்றவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். பலரும் இளையவர்கள். அவர்கள் சென்ற வழிக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று அரசு அப்போது தெரிவித்தது.

மலையில் தீ பரவும் விதத்தை அறிந்தால், அன்று நடந்ததும் புரியும். தீயின் வெப்பம் மேல்நோக்கிச் செல்வதால், சரிவில் உயரே இருக்கும் புல் எரிவதற்கு முன்பே உலர்ந்து தயாராகிவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது காட்டுத்தீப் பயிற்சிகளில் சொல்லித்தரும் பொதுக் கணக்கு. பகலில் வெயில் ஏறிய பிறகு, பள்ளத்திலிருந்து மேலே வீசும் காற்றும் அதற்குத் துணைபோகிறது. மார்ச் மாதத்தில் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும் புல்வெளியில் மேல்நோக்கி ஓடும் மனிதரால் தீயை முந்த முடியாது. இதை அறிந்த உள்ளூர்க்காரர்கள், காய்ந்த பருவத்தில் புல்மலையில் தங்குவதையே தவிர்ப்பார்கள்.

இந்தப் பின்னணியில் கேம்ப்ஃபயரை எண்ணிப் பாருங்கள். குளிர்காய ஒரு சிறு நெருப்பு என்பது ஆற்றங்கரைக் கிராமத்தில் இயல்பான செயல். சருகு மூடிய காட்டில் நிலைமை வேறு. மேலே அணைந்துவிட்டதாகத் தெரியும் நெருப்பு, மண்ணுக்கடியில் வேரிலும் மட்கிலும் புகைந்துகொண்டே இருந்து, காற்று வீசும்போது மறுபடியும் பற்றிக்கொள்ளும். சரணாலயத்துக்கு ஆபத்து விளையும் வகையில் தீ மூட்டுவதையும், அதை எரியவிட்டுச் செல்வதையும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. குப்பை போடுவதும் விலங்குகளைச் சீண்டுவதும் அதே சட்டத்தின்படி குற்றம். விளம்பரத்தில் முதன்மைக் கவர்ச்சியாகக் காட்டப்படும் தீக்கொண்டாட்டம், பல இடங்களில் தண்டனைக்குரிய செயலாக இருக்கிறது.

ஒரே வாரத்தில் இரு மரணங்கள்

2021 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் மசினகுடியில், தங்குமிடம் ஒன்றின் அருகே வந்த காட்டு யானையின் மீது எரியும் பொருள் வீசப்பட்டது. காதிலும் தலையிலும் காயமடைந்த அந்த யானை, சிகிச்சைக்குக் கொண்டுசெல்லும் வழியில் இறந்தது. அடுத்த சில நாட்களில், அதே மலைத்தொடரின் மறுபக்கத்தில் உள்ள வயநாட்டின் மேப்பாடியில், எஸ்டேட்டுக்குள் அமைக்கப்பட்ட கூடாரத் தங்குமிடத்தில் இரவைக் கழிக்க வந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். மாவட்ட நிர்வாகம் அந்தத் தங்குமிடத்தை மூட உத்தரவிட்டது.

ஒரு நிகழ்வில் யானை மாண்டது. மற்றொன்றில் மனித உயிர் போனது. இரண்டிலும் காரணம் ஒன்றே: யானை நடக்கும் நிலத்தில், இரவில், போதிய முன்னறிவு இன்றி மனிதர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். மசினகுடியை ஒட்டிய சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தைக் காக்கும் தமிழக அரசின் அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்திருந்தது. தீர்ப்பு வந்து மூன்று மாதங்கள்கூட முடியாத நிலையில் அந்த யானை எரிந்த காதுடன் அலைந்தது. சட்டம் எழுதப்பட்ட வேகத்தில் அது நிலத்தில் இறங்குவதில்லை.

தேக்கடி காட்டும் வழி

குரங்கணி இருக்கும் தேனி மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். அங்கே 1990களின் இறுதியில் தொடங்கிய ஒரு முயற்சி நமக்குப் பாடமாகக்கூடியது. காட்டு இலவங்க மரங்களின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்தவர்களைச் சிறைக்கு அனுப்புவதோடு வனத் துறை நின்றுவிடவில்லை. அவர்களை ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவாகத் திரட்டி, வழிகாட்டிகளாக்கியது. பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச்சென்று, கூடாரத்தில் தங்கவைத்துத் திரும்ப அழைத்துவருவது அவர்கள் பொறுப்பு. ஒரு குழுவில் பயணிகளின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. ஆயுதம் ஏந்திய வனக்காவலரும் உடன்வருவார்.

இந்த ஏற்பாட்டின் வலிமை அதன் பொருளாதாரத்தில் இருக்கிறது. காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர்களுக்கு மரம் நிற்பதில் வருமானம் கிடைத்தது. வழிகாட்டியாகப் போகும் நடை, கடத்தலுக்கு எதிரான ரோந்தாகவும் ஆயிற்று.

கேரள எல்லையை ஒட்டிய வனத் துறை முகாம் ஒன்றில் ஓர் இரவு தங்கியபோது, பழங்குடி வழிகாட்டி ஒருவரிடம் கற்றுக்கொண்டதை இங்கே சொல்ல வேண்டும். கூடாரம் அடிக்கும் முன் அவர் அரை மணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டு சுற்றிவந்தார். சாணம் எவ்வளவு பழையது, மூங்கில் எந்தப் பக்கம் ஒடிந்திருக்கிறது, மரப்பட்டையில் எந்த உயரத்தில் சேறு தேய்ந்திருக்கிறது என்று கவனித்தார். பிறகு, நாங்கள் விரும்பிய இடத்தை விட்டுவிட்டு, பார்வைக்கு அழகில்லாத ஒரு மேட்டைக் காட்டினார். “அவங்க வழிய விட்டுட்டா, நம்ம வழிக்கு வரமாட்டாங்க” என்றார். எந்தக் கைபேசிச் செயலியும் தராத அறிவு அது.

தமிழகம் செய்ய வேண்டியது

குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு 2018இல் மலையேற்றத்துக்கான விதிகளை வகுத்தது. தீப்பருவமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை வனப் பாதைகள் மூடப்படுகின்றன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் கீழ் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. பயிற்சி பெற்ற பழங்குடி இளைஞர்களும் வனத்தையொட்டிய கிராமத்தினரும் அவற்றில் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். காரமடை அருகே பரளிக்காட்டில் இருளர் மக்களின் பங்கேற்போடு நடக்கும் சூழல் சுற்றுலாவும் பல ஆண்டுகளாக நல்ல பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் பகல்நேர ஏற்பாடுகள். இரவுத் தங்கலை நாடுவோர், முறையான வாய்ப்புகள் அரிதாக இருப்பதால், கேள்விமுறையற்ற தனியார் கூடாரங்களுக்குப் போகிறார்கள். தடை மட்டும் விதித்தால் ஆசை மறையாது. கண்காணிப்பில்லாத இடத்துக்கு நகர்ந்துவிடும்.

ஆகவே மூன்று செயல்களை முன்வைக்கிறேன். முதலாவதாக, புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியைத் தொடாமல், வெளிவட்டப் பகுதிகளில் தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும் சிறு முகாம்களை வனத் துறையே திறக்கலாம். இடத்தைத் தேர்வதில் அந்தந்தப் பழங்குடிக் கிராமத்தின் கிராமசபைக்குச் சொல் இருக்க வேண்டும். வருவாயில் பங்கும் வேண்டும். இரண்டாவதாக, எஸ்டேட்டுகளிலும் பட்டா நிலங்களிலும் இயங்கும் கூடாரத் தங்குமிடங்களைப் பதிவுசெய்து, உரிமம் பெற்றவற்றின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் இணையத்தில் வெளியிட வேண்டும். உரிம எண் இல்லாத விளம்பரத்துக்கு அபராதம் விதிக்க வேண்டும். மூன்றாவதாக, இரவு ஒலிபெருக்கிக்கும் திறந்தவெளித் தீக்கும் வனத்தையொட்டிய தங்குமிடங்களில் விலக்கில்லாத தடை வேண்டும்.

செல்பவர்களுக்கும் கடமை உண்டு. பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேட்கலாம்: நிலம் யாருடையது? அனுமதி எண் என்ன? உடன்வரும் வழிகாட்டி அந்தக் காட்டுக்காரரா? அவசரம் என்றால் மருத்துவமனை எவ்வளவு தொலைவு? இவற்றுக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் ஓர் இரவைக் கழிக்க வேண்டியதில்லை. போன பிறகு, கழிப்பிடக் குழியை ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளித் தோண்டி மூடுவதும், ஓடை நீரில் சோப்பு கலக்காமல் இருப்பதும், கொண்டுபோன நெகிழியை ஒன்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவருவதும் விருந்தினருக்கு உரிய குறைந்தபட்ச நாகரிகம்.

முகாம் கலைந்த மறுநாள் காலை அந்த இடத்தைப் பார்ப்பவருக்கு, இரவில் அங்கே மனிதர்கள் தங்கிய சுவடே தெரியக் கூடாது. ஆனால் தங்கியவர்கள் யார், அழைத்துவந்தவர் யார் என்பது வனச்சரக அலுவலகத்தின் பதிவேட்டில் தெளிவாக இருக்க வேண்டும். இப்போது நம் மலைகளில் பல இடங்களில் நிலைமை தலைகீழாக இருக்கிறது: காடெங்கும் சுவடு கிடக்கிறது, பதிவேட்டில் ஒரு பெயரும் இல்லை.